பதினேழு பஸ்களும் ஒரு சொட்டு விளக்கெண்ணெயும்

கலியமூர்த்தி இருபத்தொன்பது வருஷம் பஸ் டிரைவராக இருந்தவர். அதில் பெரும்பங்கு புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நடுவே, கடற்கரைச் சாலையில்தான். சொந்த ஊர் மரக்காணம். ஊரில் அவரைப் பற்றி விசாரித்தால் நல்ல மனுஷன் என்பார்கள், கொஞ்சம் பிடிவாதக்காரர் என்றும் சேர்த்துக்கொள்வார்கள். அந்தக் ‘கொஞ்சம்’ மரியாதைக்காகச் சொல்வது.

பிடிவாதத்துக்கு ஒரு உதாரணம் போதும். அவர் மனைவி தெய்வநாயகி அந்த இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் ஓட்டிய பஸ்ஸில் ஏறியதில்லை. அவர் ஏற்றியதில்லை. “பொண்டாட்டி வண்டியில இருந்தா கண்ணு கண்ணாடிக்குத்தான் போவும், ரோட்டுக்குப் போவாது” என்று கல்யாணமான புதிதில் சொன்னார். சொன்னது சொன்னதுதான். இரும்பையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போவதென்றால், தெய்வநாயகி அவர் வண்டியை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்காக வெயிலில் நிற்பாள். இடுப்பில் கைக்குழந்தையோடும் நின்றிருக்கிறாள். கண்டக்டர் மனசு கேட்காமல் “ஏறுங்கண்ணி” என்று கூப்பிட்டால், “நான் ஏறினா உங்க அண்ணன் எறங்கி ஓடிடுவாரு” என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் மறந்துவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ரிட்டையர் ஆன பிறகு மனுஷனுக்குக் கைகால் அடங்கவில்லை. தூக்கத்தில் இடது கால் கிளட்சைத் தேடி மிதிக்கும். அங்கே கிளட்ச் ஏது? தெய்வநாயகியின் முழங்கால்தான் இருந்தது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தவள், சென்னையில் வேலை செய்யும் மகள் பிரியங்காவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அடுத்த வாரமே மகள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்டீயரிங், காலுக்கு மூன்று பெடல், பஸ் ஓட்டுகிற கேம் ஒன்று, எல்லாம் கொண்டுவந்து முன்னறையில் பொருத்திக் கொடுத்தாள்.

“பொம்ம பஸ்ஸு ஓட்றதுக்கா நான் ரிட்டையர் ஆனேன்?” என்று முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள், யாரும் பார்க்காதபோது உட்கார்ந்து பார்த்தார். மூன்றாவது வாரம் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார். டிரிப் முடியாமல் சாப்பிட வரமாட்டேன் என்றார். தெய்வநாயகியின் முழங்கால் பிழைத்தது.

அந்த கேமில் ஊர் ஊராக ரூட் செய்து போடுகிற பையன்கள் உண்டு. அப்படி ஒருவன் கோயம்புத்தூர் கௌதமன். புதுச்சேரியிலிருந்து மரக்காணம் வரைக்கும் ஒரு ரூட் செய்ய ஆரம்பித்திருந்தான். ஆள் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. எல்லாம் போட்டோ பார்த்துச் செய்த வேலை. கலியமூர்த்தி அதைப் பார்த்தார். அவரால் சும்மா இருக்க முடியுமா? வாய்ஸ் மெசேஜ் அனுப்பத் தொடங்கினார். காலாப்பட்டு தாண்டினதும் வேகத்தடை ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அனுமந்தையில் டீக்கடை இடது பக்கம், நீ வலது பக்கம் வைத்திருக்கிறாய். அந்த வேப்பமரம் வேப்பமரமே இல்லை, புளியமரம். ஒரு மெசேஜ் நாற்பது நிமிஷம் ஓடியது. கௌதமன் முழுவதையும் கேட்டு, மரத்தை மாற்றினான். நல்ல பையன்.

ஆறு மாதத்தில் ரூட் தயாரானது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு முதல் ஓட்டம் என்று முடிவானது. அங்கங்கே அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடி பதினேழு பேர், பதினேழு பஸ். முதல் வண்டி கலியமூர்த்தியுடையது. இந்தச் செய்தியைத் தெய்வநாயகியிடம் சொன்னபோது அவர் கொஞ்சம் தயங்கி, சுவரைப் பார்த்துக்கொண்டு, “நீயும் வா, என் வண்டியில” என்றார்.

“நெசமாவா? கண்ணு கண்ணாடிக்குப் போவுமே?”

“இந்தக் கண்ணாடியில ஆளு தெரியாது. வர்றியா, இல்லியா?”

வராமல் இருப்பாளா? சனிக்கிழமையே பட்டுப்புடவையை எடுத்து வெளியே வைத்தாள். பக்கத்து வீடு, எதிர்வீடு, பால்காரர் வரை சொல்லியாகிவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். புது ரூட்டில் கடல், மேகம், உப்பளத் தண்ணீர் என்று கௌதமன் அள்ளித் தெளித்திருந்ததால் திரையில் படம் காட்டுகிற பழைய கிராபிக்ஸ் கார்டால் தாங்க முடியவில்லை. பஸ் விக்கி விக்கிப் போனது. பிரியங்கா புது கார்டு ஒன்றை பார்சலில் அனுப்பினாள். ஞாயிறு காலை பத்து மணிக்கு டீயைக் குடித்துவிட்டுக் கலியமூர்த்தி வேலையில் இறங்கினார். கொட்டுகிற மழையில் நடுரோட்டில் டயர் மாற்றியவருக்கு நாலு ஸ்க்ரூ ஒரு வேலையா? கரண்ட்டை நிறுத்தினார், கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினார், பழைய கார்டை எடுத்தார், புதியதைச் செருகினார், பவர் ஒயரை மாட்டினார். சுவிட்சைப் போட்டார்.

ஃபேன் சுற்றியது. விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

அணைத்துப் போட்டார். கறுப்பு. மானிட்டரைத் தட்டினார். கறுப்பு. கேபினெட்டையும் ஒரு தட்டு தட்டினார். அதற்கும் கறுப்புதான். பிறகு கௌதமனுக்குப் போன் போட்டார்.

“மானிட்டர் ஒயரை எங்க மாட்டியிருக்கீங்க அங்கிள்? மதர்போர்டுலயா, கார்டுலயா?”

“புது கார்டுலதாம்பா. அதுகூடத் தெரியாதா எனக்கு?”

“பவர் ஒயர் முழுசா உள்ள போயிருக்குங்களா? அமுக்கிப் பாருங்க.”

அமுக்கினார். முழுசாகத்தான் போயிருந்தது.

“அப்பப் பவர் பத்தலையோ என்னமோங்க. பழைய கார்டத் திரும்பப் போட்டுப் பாருங்க. அது ஓடுச்சுன்னா, புதுசுக்குத்தான் கரண்ட்டு பத்தலைன்னு அர்த்தம்.”

பழைய கார்டைப் போட்டார். நேற்று வரைக்கும் ஒழுங்காக ஓடின கார்டு. அதுவும் கறுப்பு.

 இருந்ததும் போய்விட்டதா? கலியமூர்த்தி பயந்துபோய்விட்டார், அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை. மணி ஒன்றரை. மீன்குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. தலைக்குக் குளித்து, பூ வைத்து, கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த தெய்வநாயகியிடம், “இன்னிக்கு ஆவாதுபோல இருக்குது நாயகி. அடுத்த வாரம் பாத்துக்கலாம்” என்றார்.

“பரவால்ல. அடுத்த பஸ்ஸுக்கு நிக்கறது எனக்குப் பழக்கம்தான?”

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் அவரைக் குத்தியது. இவளைப் போய் எத்தனை வருஷம் வெயிலில் நிற்க வைத்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான், அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால், அவருக்கு உறைத்தது. போனை மறுபடி எடுத்தார்.

“டேய் கௌதமா, இன்னா பண்ணுவியோ தெரியாது. நாலு மணிக்கு வண்டி எடுத்தாவணும்.”

கௌதமன் யோசித்தான். “சரிங்க அங்கிள். எந்தக் கார்டும் வேண்டாம். ரெண்டையும் வெளிய எடுத்துட்டு, மானிட்டர் ஒயரை நேரா போர்டுல மாட்டிப் போடுங்க.”

மாட்டினார். போட்டார். திரையில் வெளிச்சம் வந்தது! கலியமூர்த்தி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

“அப்போ போர்டு நல்லா இருக்குங்க. கார்டு செருகுற ஸ்லாட்லதான் ஏதோ கோளாறு. அங்கிள், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கார்ட வேற ஏதாச்சும் பண்ணீங்களா?”

“ஒண்ணும் பண்ணல.”

“கீழ கிழ போட்டீங்களா?”

“ஒண்ணுமே பண்ணலப்பா. டப்பாவைப் பிரிச்சேன், செருவினேன்.”

“எண்ணெ போட்டீங்களே” என்றாள் தெய்வநாயகி.

இங்கே வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மரக்காணத்தில் கடல் ஒரு பக்கம், உப்பளம் இன்னொரு பக்கம். காற்றே உப்பு. வாசல் கேட்டின் தாழ்ப்பாள் ஒரு மழைக்காலத்தில் இற்றுவிடும். அதனால் இரும்பில், தகரத்தில் எந்தப் புதுப் பொருள் வீட்டுக்குள் வந்தாலும் முதலில் எண்ணெய்த் துணியால் ஒரு துடை. சைக்கிள், கேஸ் அடுப்பு, பீரோச் சாவி, எதுவானாலும் சரி. அதற்கென்றே ஒவ்வொரு வீட்டிலும் வாசல் பக்கம் ஒரு விளக்கெண்ணெய் பாட்டிலும் துணியும் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதை யாராவது ஒரு வேலை என்று சொல்வார்களா? அதுபோலத்தான் இதுவும். கலியமூர்த்தி பார்சலைப் பிரித்ததும், கார்டின் அடியில் வரிசையாக மின்னும் தங்கப் பல்லைப் பார்த்தார். ‘அடடா, இது துருப்பிடிச்சா போச்சு’ என்று அந்தப் பல்லுக்கு மட்டும் ஒரு சொட்டு கூடவே ஊற்றி, நன்றாகத் தேய்த்துத்தான் செருகினார். செய்தது அவர் கை. அவருக்கு ஞாபகமே இல்லை.

“அது எண்ணெதான?” என்றார். “எல்லாத்துக்கும் போடுறதுதான?”

 “என்ன எண்ணெங்க அங்கிள்?” என்று கௌதமன் மெதுவாகக் கேட்டான்.

“வெளக்கெண்ண.”

பையன் பெரியவர்களுக்கு மரியாதை தெரிந்தவன். போனை வாயிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டுதான் சிரித்தான். ஆனாலும் கேட்டது.

“அங்கிள், அந்தப் பல்லு ஸ்லாட்ட நேராத் தொட்டாத்தான் கரண்ட்டு போவும். நடுவுல நீங்க விளக்கெண்ணெய விட்டிருக்கீங்க. அது ஸ்லாட்டுக்குள்ள இறங்கி, பழைய கார்டுக்கும் ஒட்டியிருக்குது. அதான் ரெண்டும் கறுப்பு. மெடிக்கல்ல ஸ்பிரிட்டு கிடைக்குங்களா?”

கலியமூர்த்தி மொபெட்டை எடுத்துக்கொண்டு பறந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊரில் ஒரே ஒரு மருந்துக்கடைதான் திறந்திருந்தது. ஸ்பிரிட்டை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து கரண்ட்டை நிறுத்தியபோது, தெய்வநாயகி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தயாராக இருந்தாள். கார்டின் பல்லை ஸ்பிரிட்டால் துடைத்து, பள்ளிக்கூடத்து ரப்பரால் தேய்ப்பது அவர் வேலை. ஸ்லாட் அவளுடையது, அவர் விரல் அதில் நுழையாது. கெட்டியான கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கத்தரித்து, அதன் மேல் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து உள்ளே விட்டு எடுத்தாள். முதல் துணி மஞ்சளாக வந்தது. ஏழாவது துணி வெள்ளையாக வந்தது.

“எவ்ளோ எண்ணெ ஊத்தியிருக்கீங்க? வடையே சுட்டிருக்கலாம்!”

சிரிப்பை அடக்க அவர் முயற்சி செய்தார், முடியவில்லை. அவளும் சேர்ந்து சிரித்ததில் பத்திரிகைத் துண்டு கை தவறிக் கேபினெட்டுக்குள் விழுந்து, அதைத் தேடி எடுக்கப் பத்து நிமிஷம் ஆனது. டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்து அரை மணி நேரம் காயவிட்டார்கள். அந்த நேரத்தில் மீன்குழம்பும் சோறும் ஆயிற்று. மூன்றேகாலுக்குப் புது கார்டைச் செருகி, சாமியைக் கும்பிட்டு, சுவிட்சைப் போட்டார்.

கறுப்பு.

கலியமூர்த்தி தலையில் கை வைத்துக்கொண்டார். போனில் கௌதமன் பதற்றமே இல்லாமல் கேட்டான், “அங்கிள், மானிட்டர் ஒயரு இப்ப எங்க இருக்குது?”

ஒயர் இன்னும் போர்டிலேயே இருந்தது. காலையில் “அதுகூடத் தெரியாதா எனக்கு” என்று கேட்டவர் வாயைத் திறக்காமல் அதைப் பிடுங்கிக் கார்டில் மாட்டினார். திரை பளிச்சென்று வந்தது. தெய்வநாயகி கைதட்டினாள். கார்டுக்கான சாப்ட்வேர் நத்தை வேகத்தில் இறங்கி முடிந்தபோது மணி நாலாக எட்டு நிமிஷம்.

நாலு மணிக்குப் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் பதினேழு பஸ் வரிசையாக நின்றது. கலியமூர்த்தி காக்கிச் சட்டையில். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், பட்டுப்புடவையில் தெய்வநாயகி. ஸ்பீக்கரில் கௌதமன் எல்லாருக்கும் ஒரே ஒரு விதி சொன்னான். முதல் வண்டி எப்படிப் போகிறதோ, மற்ற வண்டி எல்லாம் அப்படியே பின்னால் போக வேண்டும். யாரும் முந்தக் கூடாது.

வண்டி கிளம்பியது. விக்கவில்லை, திக்கவில்லை, பட்டுப் போலப் போனது. காலாப்பட்டு வேகத்தடையில் அவர் மெதுவாக இறக்கினதைப் பார்த்து, “இவ்ளோ நல்லா ஓட்டுவீங்களா நீங்க?” என்றாள் தெய்வநாயகி. எத்தனையோ பேர் அதே வார்த்தையைச் சொல்லி அவர் கேட்டிருக்கிறார். ஆனாலும் அடுத்த வேகத்தடையில், அவளுக்காகவே, இன்னும் மெதுவாக இறக்கினார். அனுமந்தையில் டீக்கடை சரியாக இடது பக்கம் வந்தது. அதைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், தண்ணீருக்குள் வானம், வரப்போரம் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்.

“எந்திரிங்க” என்றாள் தெய்வநாயகி.

“ஏன், ஸ்டாப்பிங் வரலியே?”

“எறங்கறதுக்கு இல்ல. நான் ஓட்றேன்.”

“வெளயாடாத நாயகி. பின்னாடி பதினாறு வண்டி வருது.”

அவள் எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள். கலியமூர்த்தி அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து சீட்டைக் கொடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். தெய்வநாயகி ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, காலுக்குக் கிடைத்த பெடலை ஆசை தீர மிதித்தாள். அது ஆக்சிலரேட்டர். ரோடு வளைந்தது. அவள் வளைக்கவில்லை. பஸ் நேராக ரோட்டை விட்டு இறங்கி, வரப்பைத் தாண்டி, தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு உப்பளத்துக்குள் பாய்ந்தது. அவள் குழந்தை மாதிரிக் கூச்சல் போட்டுச் சிரித்தாள்.

“அங்கிள்!” என்று ஸ்பீக்கரில் கௌதமன் அலறினான். “அங்கிள், ரூட்டு அது இல்லீங்க!”

கலியமூர்த்தி மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். “வூட்டுக்காரம்மா ஓட்றாங்கப்பா. பின்னாடியே வாங்க எல்லாரும்” என்றார்.

பதினாறு பஸ்ஸும், ஒன்றன் பின் ஒன்றாக, உப்பளத்தில் இறங்கின.