கறுப்புப் படகுக்குத் திருஷ்டிப் பொட்டு

அந்தப் படகை நான் முதலில் பார்த்தபோது அது கவிழ்ந்து கிடந்தது. உத்திரமேரூர்ப் பக்கத்தில் ஓர் ஏரிக்கரை, வேப்பமர நிழல், இரண்டு சவுக்குக் கட்டைகள். அவற்றின்மேல் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. மதகுகளைப் பார்வையிட அரசாங்கம் வைத்திருந்த படகு. வருடா வருடம் தார் பூசிப் பூசி அதன் அடிப்பாகம் யானைத்தோல் மாதிரி தடித்துப்போயிருந்தது. வெயில் ஏறினால் தார் இளகிக் கையில் ஒட்டும். அதன் பக்கத்தில் குந்திக்கொண்டு ஒருவர் உடைந்த கண்ணாடித் துண்டால் தாரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மதகைத் திறந்து மூடவும் கரையைக் காவல் பார்க்கவும் துறை வைத்திருந்த லஸ்கர் அவர்.

ஐம்பதுகளின் கடைசி அது. கடைத்தெருவில் எனக்குப் பெயிண்டு, ஆணி, கயிறு விற்கும் கடை. முந்தின வாரம் லஸ்கர் கடைக்கு வந்து கறுப்பு எனாமல் கேட்டார். "மூஞ்சி தெரியணும் பாய், அப்டி மினுக்கணும்" என்றார். அரசாங்கப் படகுக்கு எதற்கய்யா மினுக்கு, மீன்கள் தலைவாரிக்கொள்ளவா என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்கிற ஆளும் இல்லை. எனக்கு அவரை அவ்வளவாகப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொன்னதையே சொல்லும் பிடிவாதக்காரர், கொடுத்த டின்னைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். ஆனாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். தார்மேல் எனாமல் பூசினால் ஜென்மத்துக்கும் காயாது. பிறகு கடைக்காரன் மோசம் செய்தான் என்று பேச்சு வரும்.

விஷயத்தை அங்கேதான் சொன்னார். தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர் ஏரிக்கு அந்தக் கரை. கல்யாணம் அங்கே, பெண்ணை இங்கிருந்து அழைத்துக்கொண்டு போகவேண்டும். வண்டிப்பாதை ஊர்த்தெருவின் வழியாகத்தான் போகிறது. காலனிக்காரர்களின் கல்யாண வண்டி அந்தத் தெருவில் போகக் கூடாது. தெருமுனையில் பெண்ணை இறக்கி, மேளத்தை நிறுத்தி, நடத்திக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பக்கம் மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும். அப்படித்தான் வழக்கம். அவர் மனைவியும் கல்யாணத்தன்று அப்படி இறங்கி நடந்தவர்தான்.

"எங்க வூட்டுக்காரி நடந்தா. எம் பொண்ணு நடக்கக் கூடாது" என்றார். தன் மேலதிகாரியான ஓவர்சியரிடம் கேட்டுவிட்டாராம். பெயிண்டு உன் பொறுப்பு, அன்றைக்குப் படகை எடுத்துக்கொள் என்று அவரும் சொல்லிவிட்டாராம்.

"அதுக்கு மினுக்கு எதுக்கு லஸ்கரே? மிதந்தா போதாதா?"

"தார்ப் படகுல போனா, தெருவுக்குப் பயந்து ஏரியில ஒளிஞ்சிக்கினு போறான்னு பேசுவாங்க பாய். கரையில நிக்கறவன் கண்ணு கூசணும்."

அதற்குமேல் நான் கேலி செய்யவில்லை.

கறுப்பைப் போல வம்பு பிடித்த நிறம் வேறு கிடையாது. பச்சையிலும் நீலத்திலும் மறைந்துபோகும் கீறல், கறுப்பில் கூப்பிட்டுக் காட்டும். மார்கழிப் பனி பட்டால் ஈர எனாமல் மேல் வெள்ளை படர்ந்து மங்கிவிடும். ஆகவே வெயில் வந்த பிறகு பூசி, சாயங்காலத்துக்குள் படகைத் தார்ப்பாயால் மூடினார். ஒரு பூச்சு காய்ந்ததும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பளபளப்பைக் கொன்றார். அதன்மேல் அடுத்த பூச்சு. கஷ்டப்பட்டு வரவழைத்ததை அவரே தேய்த்து அழிப்பதைப் பார்க்க, அவர் மனைவிக்கு வயிறு எரிந்தது. "இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு" என்று புலம்பிக்கொண்டே தண்ணீர் சுமந்து வருவார். ஏரித்தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழுகிறது என்று லஸ்கர் கிணற்றுத் தண்ணீரால் கழுவி, பழைய வேட்டியால் ஈரம் நிற்காமல் துடைத்தார். கடைசிப் பூச்சும் காய்ந்த பிறகு போய்ப் பார்த்தேன். வேப்பமரத்தின் கிளைகள் படகுக்குள் அசைந்தன. நான் விற்ற சரக்கு என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை.

ஆடு மேய்க்க வந்தவர்கள்கூட நின்று முகம் பார்த்தார்கள். இத்தனை கண் பட்டால் என்ன ஆகும் என்று லஸ்கரின் மனைவிக்குக் கவலை. குழந்தைக்குக் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைக்கலாம்; கறுப்புப் படகுக்குக் கறுப்பில் வைத்தால் தெரியாதே. வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக் குழைத்து, படகின் முன்பக்கம் இரண்டு கன்னத்திலும் பெரிது பெரிதாகப் பொட்டு வைத்துவிட்டார். புது எனாமலுக்குச் சுண்ணாம்பைவிடப் பெரிய சத்துரு இல்லை. லஸ்கர் பார்த்துத் துடைப்பதற்குள் அது தின்றுவிட்டது. பொட்டு போய்விட்டது, பொட்டு இருந்த இடத்தில் பளபளப்பும் போய்விட்டது. சாம்பல் பூத்த வட்டங்கள்.

இதற்கு நடுவில் இன்னொரு கண்ணும் பட்டிருந்தது. ஊர்த்தெருப் பண்ணைக்காரர் படகைப் பற்றிக் கேள்விப்பட்டு, பட்டணத்திலிருந்து தலைப்பொங்கலுக்கு வரும் புது மாப்பிள்ளைக்காக அது தை முழுக்கத் தன் வீட்டுப் பக்கக் கரையில் நிற்கட்டும் என்று ஓவர்சியரிடம் சொல்லிவிட்டார். ஓவர்சியர் தலையை ஆட்டினார். அந்த மனிதரிடம் முடியாது என்று சொல்ல அவரால் ஆகாது. லஸ்கர் கடைக்கு வந்து எதுவும் வாங்காமல் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் உண்மையாகவே பரிதாபம் உண்டாயிற்று.

இரண்டொரு நாளில் பண்ணைக்காரரின் மனைவி படகைப் பார்க்க வந்தார். நான் அப்போது இல்லை; லஸ்கர் சொல்லித்தான் தெரியும். வட்டங்களைப் பார்த்ததும் அந்தம்மாள் நின்றுவிட்டாராம். "இன்னாய்யா இது, அம்மை போட்டு எறங்கனா மாதிரி கீது? இதுலயா எம் மருமவன ஏத்துவீங்க?" முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். அன்று சாயங்காலமே, படகு வேண்டாம் என்று ஓவர்சியருக்குத் தகவல் வந்தது.

லஸ்கர் ஓடிவந்து சின்ன டின் கறுப்பு வாங்கிப்போனார், வட்டங்களை மறைக்க. டின் அடைத்தது அடைத்தபடி மறுநாள் திரும்பி வந்தது. வீட்டில் விடவில்லையாம். "அதும்மேல கைய வெச்சிப் பாரு. பொண்ணு இன்னும் கரை ஏறல" என்று சொல்லிவிட்டாராம். பொட்டை வேண்டுமென்றேதான் வைத்தாரா, தெரியாமல் வைத்தாரா என்று நான் ஒருமுறை லஸ்கரின் மனைவியைக் கேட்டேன். "நல்லது நடந்துச்சா இல்லியா பாய்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

இப்போது அந்தத் தெருவில் பஸ் போகிறது. யாருடைய கல்யாணக் காரும் போகிறது. கடையை என் மகன் பார்த்துக்கொள்கிறான். மோட்டார் பைக்குக்கு மெழுகு கேட்டு வருகிற பையன்களிடம் நான் பேச்சுக் கொடுத்தால் அவனுக்குப் பிடிப்பதில்லை. அது போகட்டும்.

கல்யாணத்தன்று விடியற்காலையில் சைக்கிளில் புறப்பட்டேன். ஊர்த்தெரு டீக்கடையில் இறங்கி ஒரு கிளாஸ் வாங்கிக்கொண்டேன். அப்போதுதான் கேட்டது. மேளமும் நாயனமும், ஒரு கூட்டமே வாசிப்பதுபோல, தாராளமாக. ஏரி நிறைந்திருந்தது, தண்ணீர்மேல் வந்த சத்தம் தெருவில் வாசலுக்கு வாசல் நுழைந்தது. கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். கரை மேட்டின் இடைவெளியில் படகு தெரிந்தது. வெயில் பட்டுக் கறுப்பாக எரிந்தது. நடுவில் மஞ்சள் புடவை. முன்னால் மேளக்காரர் ஒருவர், நாயனக்காரர் ஒருவர். லஸ்கர் நின்றபடி கோல் போட்டுக்கொண்டிருந்தார். வட்டங்கள் அங்கிருந்து தெரியவில்லை.

பண்ணைக்காரர் துண்டை உதறிக்கொண்டு தெருவுக்கு வந்தார்.

"எந்தத் தெருவுலடா மேளம்?"

டீக்கடைக்காரர் அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொன்னார். "தெருவுல இல்லீங்க. ஏரியில."

பண்ணைக்காரர் ஏரிப் பக்கம் கையைத் தூக்கினார், நிறுத்தச் சொல்வதற்கு. அங்கே நிறுத்த யாரும் இல்லை. தூக்கிய கையால் துண்டைச் சரிசெய்துகொண்டு, மேளம் ஓயும்வரை அங்கேயே நின்றார்.