நங்கையா குடித்த இரண்டு மடக்கு

எழுபதுகளின் கடைசியில், ஓர் ஐப்பசி மாதம். எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டில் நடந்தது இது. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நாமக்கல்லில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி, நான். அண்ணியை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம்.

அண்ணனுக்கு மூட்டு வலி. கால் பெருவிரலும் முட்டியும் வீங்கிச் சிவந்துவிடும். போர்வை பட்டாலே கத்துவார். கடலைக்காய் பிடுங்குகிற நேரத்தில் கட்டிலில் கிடந்தால் எந்தக் குடியானவனுக்குத்தான் பொறுக்கும்? கொல்லிமலைக்குப் போய்வந்த ஒருவர் கலப்பைக்கிழங்கு கொண்டுவந்து கொடுத்தார். மழைக்காலத்தில் வேலியெல்லாம் தீ மாதிரி பூக்குமே செங்காந்தள், அதன் கிழங்குதான். அரைத்து மேலே பற்றுப் போடத்தான் அவர் சொன்னார். பற்றுப் போட்டதில் அண்ணனுக்குக் கொஞ்சம் குணம் தெரிந்தது. மேலே போட்டதற்கே இப்படிக் கேட்கிறதே, உள்ளுக்குக் குடித்தால் அடியோடு போய்விடும் என்று அண்ணன் தானாகவே முடிவு பண்ணிவிட்டார்.

ஒரு நாள் நான் வகுப்பு முடிந்து வந்தபோது அண்ணன் கிணற்று மேட்டில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் பேதி. ஊரில் காலரா என்றார்கள். விடிந்ததும் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் லாரியில் ஏற்றிச் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மாடு கன்றைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நங்கையாளை அம்மா வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்.

"என்னப்பா சாப்பிட்டே?" என்று டாக்டர் கேட்டார். நாற்பது வயதிருக்கும், அமைதியான மனிதர். அண்ணனுக்கு நல்ல நினைவு இருந்தது.

"கலப்பைக்கிழங்குக் கஷாயமுங்க. ஒரு லோட்டா. ஊட்டுல அவதான் காய்ச்சிக் குடுத்தா."

டாக்டர் முகம் மாறிவிட்டது. என்னைத் தனியே கூப்பிட்டு, "இதுக்கு மாற்று மருந்து கிடையாதும்மா. தண்ணி ஏத்தறோம். மத்தது அவர் உடம்பு தாங்கறதுதான்" என்றார்.

தாங்கவில்லை. வாந்தியும் பேதியும் நின்றபோது பிழைத்துவிட்டார் என்று நினைத்தோம். அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக அடங்கியது. சிறுநீர் வரவில்லை, மூச்சு வாங்கியது, ஊசி குத்தின இடத்தில் எல்லாம் ரத்தம் கசிந்தது. கடைசிவரைக்கும் நினைவோடு இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

பிரேதத்தை வீட்டில் இறக்கினதும் அம்மா நங்கையாளின் மாராப்பைப் பிடித்துவிட்டார். அண்ணன் சொன்னதில் "அவதான் காய்ச்சிக் குடுத்தா" என்பது மட்டும் அம்மா மனசில் நின்றுவிட்டது.

"அவரு கேட்டாருன்னுதாங்க காய்ச்சுனேன்" என்று நங்கையா சொன்னாள். "எனக்கே பயமாத்தான் இருந்துச்சு. அதான் மொதல்ல நானே ரெண்டு மடக்குக் குடிச்சுப் பாத்தேனுங்க. ரொம்ப நேரம் பாத்தும் ஒண்ணும் ஆகல. அப்பறந்தான் அவருக்குக் குடுத்தேன்."

"குடிச்சவ குத்துக்கல்லாட்டம் நிக்கறா, என்ற பையன் மட்டும் எப்புடிடீ செத்தான்?"

நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது தனக்கும் வாந்தி வந்தது என்றாள். மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால் போய் எடுத்தாளாம். மாடுகளைத் தவிர யார் பார்த்தார்கள்? போலீஸ் இரண்டு தடவை வந்து விசாரித்தது. மறுபடி வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனது. பங்காளி வீடுகளில் அவள் மொண்ட தண்ணீரைக்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

கருமாதிக்கு அவள் தலைக்கு எண்ணெய் வைத்தார்கள். எண்ணெய் தேய்த்த பெண் வீல் என்று கத்திக்கொண்டு கையை எடுத்தாள். கை நிறைய முடி. மறுபடி தொட்டால் இன்னொரு கொத்து. இடுப்புக்குக் கீழே தொங்குகிற கூந்தல் அவளுக்கு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண்டை தெரிய ஆரம்பித்தது.

"சாமி காட்டிக் குடுத்துருச்சு பாத்தீங்களா" என்றார் அம்மா. கூடியிருந்த அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். நங்கையா மட்டும் உதிர்ந்த முடியைத் தரையிலிருந்து பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பயமாக இருந்தது. இவளும் செத்துவிடுவாளோ என்று தோன்றியது. மறுநாள் அம்மா தடுக்கத் தடுக்க அவளைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் அவள் முக்காட்டை இறுக்கிப் பிடித்தபடி ஜன்னல் பக்கமே பார்த்திருந்தாள்.

டாக்டருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "இவங்க எங்க அண்ணன் சம்சாரமுங்க. முடி கொட்டுதுங்க" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் முக்காட்டை விலக்கிப் பார்த்தார். பார்த்ததும் கேட்டார்:

"நீங்களும் அந்தக் கஷாயத்தைக் குடிச்சீங்களாம்மா?"

புருஷன் செத்ததற்குக்கூட அவளை யாரும் நிம்மதியாக அழவிடவில்லை. அன்றைக்கு அந்த மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஆமாங்க, ஆமாங்க" என்பதைத் தவிர வேறு பேச்சு வரவில்லை.

டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னார். அந்தக் கிழங்கில் இருக்கிற சத்தைப் பிரித்தெடுத்து இதே மூட்டு வலிக்கு மாத்திரை செய்கிறார்களாம். ஆனால் மருந்தாக இருக்கும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி ரொம்பக் குறைவு. குடித்த உடனே ஒன்றும் தெரியாது, குடித்த அளவைப் பொறுத்து ஒரு நாள்கூடப் பதுங்கியிருக்கும். உடம்பில் எதெல்லாம் சதா வளர்ந்துகொண்டிருக்கிறதோ அதையெல்லாம் நிறுத்திவிடும். குடல், ரத்தம், முடியின் வேர். நிறையக் குடித்தவர்களுக்கு முடி கொட்டுகிற வரைக்கும் உயிர் இருப்பதில்லை. "கொஞ்சமாக் குடிச்சுத் தப்பிச்சவங்களுக்குத்தான் இது நடக்கும். யார் வந்து கேட்டாலும் நான் சொல்றேன்" என்றார்.

போலீசுக்கும் அவரே சொன்னார். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா மன்னிப்புக் கேட்கவில்லை. எழுந்து போய்த் தட்டில் சோறு போட்டு, "வா சாமி, சாப்புடு" என்று நங்கையாளைக் கூப்பிட்டார். அவள் வந்து உட்கார்ந்தாள். ஒரு வாய்கூட இறங்கவில்லை.

அடுத்த வருஷத்துக்குள் முடி முளைத்துவிட்டது. அதற்கு முன்பே அவள் பள்ளிபாளையத்தில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் போகும்போதெல்லாம் நன்றாகப் பேசுவாள். எங்கள் வீட்டுக்கு மட்டும் திரும்பி வரவே இல்லை.

இன்றைக்கும் யாராவது ஒரு பெண்ணைப் பற்றி "அவள்தான் செய்திருப்பாள்" என்று பேச ஆரம்பித்தால், "அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டீர்களா?" என்றுதான் நான் கேட்கிறேன். உண்மையைச் சொன்ன ஒருத்தியை எங்கள் வீடு நம்புவதற்கு அவள் தலைமுடி முழுக்கக் கொட்ட வேண்டியிருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.