மீன் ஃப்ரீஸரில் மருத்துவ நூலகம்

என் மனைவி அனந்தலக்ஷ்மியைப் பற்றி எழுத வேண்டுமானால், முதலில் அவளோடு ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு ரேஷன் கார்டு எந்த அலமாரியில் இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அவள் வேலை பார்க்கும் பழைய மருத்துவ நூலகத்தில் எந்தப் புத்தகம் எந்தத் தட்டில் இருக்கிறதென்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அம்மை குத்த ஊர் ஊராகப் போனவர்களின் குறிப்புகள், கையால் வண்ணம் தீட்டிய தோல்நோய்ப் படங்கள், பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் படப் புத்தகங்கள் எல்லாவற்றையும் பெற்ற பிள்ளையைவிட மேலாகப் பார்த்துக்கொண்டாள். பெற்ற பிள்ளை மஹேஷும் இதை மறுக்கமாட்டான்.

அந்த அன்பே போன சரஸ்வதி பூஜையின்போது வினையாகிவிட்டது.

பூஜை வைப்பு என்றால் இந்த மலையாள ஊரில் விளையாட்டில்லை. துர்காஷ்டமி மாலையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்த புத்தகங்களை விஜயதசமி காலைவரை ஒருவரும் தொடக்கூடாது. மற்ற அலுவலகங்களில் பேருக்கு இரண்டு ஃபைலை வைப்பார்கள். இவளோ நூலகத்திலேயே அரியவையாகப் பொறுக்கி எடுத்து, தரையில் வாழையிலை போட்டு, பட்டு விரித்து அடுக்கி, அறையைப் பூட்டிவிட்டு வந்தாள். வேறெங்கும் பிரதி இல்லாதவை, இன்னும் ஸ்கேன்கூடச் செய்யாதவை. நல்லதைத்தானே சாமிக்கு வைக்க வேண்டும் என்பது அவள் நியாயம்.

நவமியன்று துலாமழை என்கிற ஐப்பசி மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஒரு தடவை போய்த் தொறந்து பாத்துட்டு வந்துடலாமே," என்றேன்.

"பூஜையெடுப்புக்கு முன்னாடி தொறக்கப்படாதுன்னா. சரஸ்வதி பாத்துப்பா, கேட்டேளா," என்றாள்.

விஜயதசமி காலையில் நானும் கூடப் போனேன். கதவைத் திறந்தால் உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். வெளியே சாக்கடை அடைத்துக்கொண்டு, வெள்ளம் படியேறி வந்திருந்தது. கால் உயர்ந்த அலமாரிகளில் இருந்ததெல்லாம் பத்திரம். சாமிக்கு வைத்தவை மட்டும் ஊறிக் கிடந்தன. நன்றாகக் கத்த வேண்டுமென்று வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

அவளுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்களாம். நனைந்த காகிதத்தில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடித்துவிடும். உடனே உறையவைத்துவிட்டால் கெடாமல் நிற்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம். அதற்குப் பெரிய ஃப்ரீஸர் வேண்டுமே. அன்று விடுமுறை. ஐஸ்கிரீம் கடைக்காரர் கையை விரித்தார். கல்யாணச் சமையல்காரர் போனையே எடுக்கவில்லை. தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, எல்லார்மீதும் எரிந்து விழுந்தேன்.

"லைப்ரரிக்கு எதிர்க்க இருக்காளே மீன்கடை ஷீனா, அவகிட்டக் கேட்டா என்ன?" என்றாள் அனந்தலக்ஷ்மி.

எங்கள் இருவர் குடும்பத்திலும் மீன்கடைப் படியை மிதித்தவர் கிடையாது. போய் நின்றோம்.

"எந்தா சேச்சி, வழி தெற்றி இங்க வந்துட்டீங்களோ?" என்று சிரித்தாள் ஷீனா. விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "புஸ்தகமெல்லாம் நாசமாயிப் போவுமோ?"

என் மனைவி மீன் தராசுக்கு முன்னால் நின்று அழுதாள்.

"கரையாதீங்க சேச்சி," என்ற ஷீனா, உள்ளே திரும்பித் தன் கணவனுக்குக் குரல் கொடுத்தாள். "ஜெயேட்டா, அந்த வலிய ஃப்ரீஸரைக் காலி பண்ணு!"

நெய்மீனும் சூரையும் ஐஸ் பெட்டிக்குப் போயின. புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி உள்ளே வைத்தோம். 'இதில் மீன் இல்லை' என்று அட்டையில் எழுதி ஷீனா மூடிமேல் ஒட்டினாள். தை மாதம்வரை அப்படியே இருந்தது. கிறிஸ்துமஸ் கூட்டத்தில் அந்த ஃப்ரீஸர் அவளுக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்! ஒரு வார்த்தை சொல்லவில்லை. கரண்ட் போனால் மீனை விட்டுவிட்டு முதலில் அதற்குத்தான் ஜெனரேட்டர் இணைப்புக் கொடுப்பாளாம். அதுவும் அவள் கணவன் ஜெயன் சொல்லித்தான் தெரியும்.

நாலைந்தாக எடுத்து வந்து, மின்விசிறிக்கடியில் தாளுக்குத் தாள் ஒற்றுத்தாள் வைத்து என் மனைவி உலர்த்தினாள். ஓரங்கள் சுருங்கின, சில பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. மற்றதெல்லாம் பிழைத்தது. சரஸ்வதிக்கு நன்றி சொல்லுங்கோ என்று தெருவில் பலரும் சொன்னார்கள். நான் ஷீனாவுக்குத்தான் சொல்வேன், இருக்கிறவரைக்கும் சொல்வேன்.

கடைசிப் புத்தகமும் உலர்ந்த பிறகு ஷீனாவை நூலகத்துக்கு அழைத்தோம். வாசல் குழாயில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். திரும்பவும் கழுவினாள். மேசைமேல் பிரசவப் புத்தகம் விரிந்திருந்தது. அதில் கருப்பைக்குள் தலைகீழாகச் சுருண்டு கிடக்கும் குழந்தை, வண்ணம் கலையாமல்.

"இதா என்ட கடையில கெடந்தது?" என்று குனிந்து பார்த்தாள். கைகளை மட்டும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எடுத்துப் பாருடி," என்றாள் என் மனைவி.

"வேண்டா சேச்சி. கையில மீன்வாடை போவாது."

"இத்தனை மாசம் நீதானே வச்சுண்டிருந்தே. இப்ப என்ன தொடமாட்டேங்கறே?"

புத்தகத்தைத் தூக்கி ஷீனாவின் இரண்டு கைகளிலும் வைத்தாள். அந்தப் புத்தகத்தை அவள் வேறு யார் கையிலும் கொடுத்து நான் பார்த்ததில்லை. என் கையில்கூட.