மார்லீன் தேர்ந்தெடுத்த பேசின் அலமாரி

மார்லீன் ஹுடாக் நெட்டையான பெண். பனி கொட்டும் பார்மா நகரில் அவள் வாழ்ந்த வீடோ, உலகப் போர் முடிந்து திரும்பிய தொழிலாளிகளுக்காக அவசர அவசரமாக எழுப்பிய குட்டை வீடுகளில் ஒன்று. சமையலறை அலமாரியின் கதவு அவள் நெற்றியில் இடிக்கும். குளியலறை வாஷ்பேசின் அவள் இடுப்புக்கும் கீழே கிடக்கும். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்து முதுகு போய்விட்டது. விடியுமுன் எழுந்து அந்த பேசின் முன்னால் இரண்டாக மடிந்து முகம் கழுவுவாள். பிறகு சுவரில் கையை ஊன்றி மெதுவாக நிமிர்வாள். பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணமாகி, வேறு வேறு ஊர்களுக்குப் போன பிறகும் அவள் அப்படித்தான் நிமிர்ந்துகொண்டிருந்தாள்.

புருஷன் ரூடி அவளைவிடக் குள்ளம். கல்யாணப் படத்தில் புகைப்படக்காரர் அவனை தேவாலயத்தின் படியில் ஏற்றி நிறுத்தியிருப்பார். அதைப் பற்றி ஊர் கேலி செய்யுமுன் அவனே கேலி செய்துவிடுவான். மனைவியை 'நெட்டை' என்றுதான் கூப்பிடுவான். கார்த் தொழிற்சாலையில் தகடு அடிக்கும் இயந்திரத்தில் நின்று நின்று அவனுடைய முட்டிகள் தேய்ந்துபோயிருந்தன. ஓய்வு பெற்ற பிறகு, வாசல் பனியை வாருவதும் வாரியதற்காகப் புலம்புவதும்தான் அவனுடைய குளிர்கால வேலை.

அப்படிப்பட்டவன் ஒரு பிப்ரவரி மாதம், சாப்பாட்டு மேசையில், முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய கறி உருண்டையை வெட்டிக்கொண்டே சொன்னான்:

"குளியலறையை இடிச்சுப் புதுசாக் கட்டிடலாம், நெட்டை. பேசின் உட்கார்ற அலமாரியை மட்டும் நீ பார்த்து எடு. உனக்குப் புடிச்சதா."

மார்லீன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். எத்தனை வருஷமாக் கேட்டுக்கிட்டு இருந்தே?"

கேட்டதுண்டு. கேட்டுக் கேட்டு அலுத்து, கேட்பதையே விட்டிருந்தாள்.

அந்த மாதத்துச் சனிக்கிழமைகளெல்லாம் கடைகளில் கழிந்தன. கூடவே பெவ்வும் வந்தாள். பெவ் என்கிற பெவர்லி மார்லீனின் பள்ளித் தோழி. வீடு வாங்கி விற்றுக் கொடுக்கும் தொழில். பால்காரரிலிருந்து பாதிரியார் வரை எல்லாரையும் 'கண்ணா' என்றுதான் அழைப்பாள். மூன்று பேரும் கடைக்குள் நுழைந்தால் ரூடி நேராகப் போய் ஒவ்வொரு அலமாரியின் இழுப்பறையையும் இழுத்து, விட்டு, அது தானாக மெல்ல மூடிக்கொள்வதைக் குனிந்து பார்ப்பான்.

"பாரு நெட்டை, சத்தமே இல்ல. நம்ம வீட்டுல நான் டிராயரை மூடினா பக்கத்து வீட்டுக்காரன் எந்திரிச்சுடுவான்."

அவள் சிரிப்பாள். கைப்பிடிக் குமிழ்களை அவன் உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பான், "இது குளிருது, அது வழுக்குது" என்பான். அவனை இப்படிப் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. வீடு திரும்பும் வழியில் அவள் காரின் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வருவாள்; இளைத்துப்போன ஏதோ ஒன்று சதை பிடிக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

பெவ் மட்டும் எந்தக் கடையிலும் வெள்ளை அலமாரியின் முன்னால்தான் போய் நிற்பாள். "வெள்ளைதான் எல்லாருக்கும் புடிக்கும், கண்ணா."

"எல்லாருமா வந்து எங்க வீட்டுல பல் தேய்க்கப் போறாங்க?" என்றாள் மார்லீன்.

பெவ் சிரித்தாள். ரூடியும் சிரித்தான், சற்றுத் தாமதமாக.

எந்த அலமாரியும் அவள் உயரத்துக்குச் சரிப்படவில்லை. கடைசியில் பேருந்துப் பணிமனையில் யாரோ சொல்லி, ரூடியோடு மிடில்ஃபீல்டுக்குப் போனாள். வழியெல்லாம், கார் ஓட்டாமல் பழைய முறையிலேயே வாழும் ஆமிஷ் மக்களின் குதிரை வண்டிகள். மாலன் பைலர் என்ற தச்சரின் பட்டறை ஒரு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. அவர் தொப்பியைக் கழற்றாமலே அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"முகம் கழுவுற மாதிரி நில்லுங்கம்மா" என்றார்.

"இங்கேயா?"

"ஆமா. ஆனா குனியாதீங்க. குனியாம எந்த இடத்துல தண்ணி இருந்தா உங்களுக்கு வசதியோ, அங்க கையை வைங்க."

மார்லீன் மரத்தூள் நடுவே நின்று, இல்லாத தண்ணீரை இரு கையிலும் ஏந்தினாள். முழங்கைக்கும் தரைக்கும் நடுவே அவர் அளவுகோலைப் பிடித்தார். அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கு ஏன் அழுகை வர வேண்டும் என்று அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. செர்ரி மரம், நான்கு இழுப்பறை, உயரம் அவள் சொன்னது. "அவ கேக்கறபடியே செஞ்சுடுங்க" என்றான் ரூடி.

பழைய பேசினைப் பெயர்த்தாயிற்று. ஓடு பதித்தாயிற்று. சமையலறைத் தொட்டியில் பல் தேய்த்துக்கொண்டு இருவரும் செர்ரி மர அலமாரிக்காகக் காத்திருந்தார்கள். மே மாதம் ஒரு நாள் அவள் வேலையிலிருந்து வந்தபோது, குளியலறையில் வெள்ளை அலமாரி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. கடைச் சரக்கு. கடைகளில் எல்லாருக்கும் வைத்திருக்கிற உயரம்.

"பாவம், அந்த ஆமிஷ்காரர் ரம்பத்துல கையை வெட்டிக்கிட்டாராம்" என்றான் ரூடி. "எப்ப சரியாகும்னு அவருக்கே தெரியலையாம். இன்னும் எத்தனை நாள்தான் பாத்திரம் கழுவுற எடத்துல பல் தேய்க்கிறது?"

அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் கையை வெட்டிக்கொண்ட மனிதரை நினைத்ததும் தன் ஏமாற்றம் அற்பமாகத் தெரிந்தது. மறுவாரம் பள்ளி விடுமுறை விட்டதும் வால்நட் அரைத்து வைத்து, மாவைச் சுருட்டி, தன் அம்மா கிறிஸ்துமஸுக்குச் சுடுகிற ரொட்டியைச் சுட்டாள். ரூடியிடம் அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். முதலில் மிடில்ஃபீல்டு, பிறகு அக்கா வீடு என்பது அவள் எண்ணம்.

மாலன் பைலர் ஒரு பலகையை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

மார்லீன் ரொட்டியைப் பிடித்தபடி அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கை… கை ஆறிடுச்சா?"

"எந்தக் கை?" அவர் தன் கைகளைத் தானே திருப்பிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் ஆகலையேம்மா. உங்க வீட்டுக்காரர்தான் போன் பண்ணி வேண்டாம்னுட்டார். நான் ஒத்துக்கல. அந்தம்மாவே வந்து அளவு கொடுத்தாங்க, அவங்களே சொல்லட்டும்னேன். மறுநாள் நீங்களே பேசினீங்களே?"

"நான் பேசினேனா?"

"உங்க பேரைத்தான் சொன்னாங்க. வெள்ளையா ஒண்ணு வாங்கியாச்சு, வெள்ளைதான் எல்லாருக்கும் புடிக்கும்னாங்க." அவர் கழுத்துவரை சிவந்தார். "என்னைக் கண்ணான்னாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நீங்க அப்படிப் பேசற ஆளாத் தெரியலையேன்னு என் வீட்டுக்காரிகிட்டகூடச் சொன்னேன்."

மார்லீன் ரொட்டியை அவர் கையில் கொடுத்தாள். "இது உங்களுக்குத்தான்" என்றாள். அக்கா வீட்டுக்குப் போகவில்லை. ஊர் எல்லையில் ஒரு கடை வாசலில் காரை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சற்று உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு ஓட்டினாள்.

வாசலில் பெவ்வின் கார் நின்றது. உள்ளே நடைவழியில் ஓர் அட்டைப்பெட்டி. அதில் மார்லீனின் பல் தேய்க்கும் பிரஷ், சீப்பு, முதுகுவலித் தைலம், அவள் இரவில் மாட்டும் பழைய மேலங்கி. குளியலறை பளபளவென்றிருந்தது. வெள்ளை அலமாரியின் மேல் ஆர்கிட் பூந்தொட்டி. அவள் பார்த்தே இராத துண்டுகள். ரூடி ஜன்னல் திரையை ஒதுக்கிப் பிடித்து வெளிச்சம் காட்ட, பெவ் தன் வீட்டு விற்பனை விளம்பரங்களுக்கு எடுப்பதுபோலப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அடியே மார்லீ! அக்கா வீட்டுக்குப் போகல?"

"மாலன் பைலருக்கு ரெண்டு கையும் நல்லாத்தான் இருக்கு" என்றாள் மார்லீன்.

ரூடி திரையை விட்டான். அறை கொஞ்சம் இருண்டது.

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றான்.

"எப்ப? லாரி வந்து சாமானை ஏத்தறப்பவா?"

"புளோரிடாவுக்குப் போயிடலாம்னு எத்தனை தடவை சொன்னேன்? நீ ஒவ்வொரு தடவையும் சிரிச்சே. என் அண்ணன் இருக்கான் அங்க. என் முட்டிக்கு இந்தப் பனி ஆகல, நெட்டை. வாங்கறதுக்கு ஆள் வந்து நின்னா நீயும் மனசு மாறுவேன்னு பெவ் சொன்னா."

"நல்ல விலை கிடைக்கும், கண்ணா" என்றாள் பெவ். "உன் உயரத்துக்கு ஒண்ணு செஞ்சு வச்சா வாங்கறவங்க யோசிப்பாங்க. உன் நல்லதுக்குத்தான்…"

"என் பேரைச் சொல்லிப் பேசினியா பெவ்?"

பெவ் கேமராவைப் பைக்குள் போட்டாள். "ஒரே நிமிஷம்தான் பேசினேன்" என்றாள்.

மார்லீன் புருஷன் பக்கம் திரும்பினாள். "சண்டை போட்டிருக்கலாமே ரூடி. என்கூடச் சண்டை போட உனக்குத் தெரியாதா? அதை விட்டுட்டுக் கடை கடையா ஏறி எறங்கினியே. டிராயரை இழுத்து இழுத்துக் காட்டினியே. அதெல்லாம் எதுக்கு?"

அவன் வெள்ளை அலமாரியின் இழுப்பறையை இழுத்து விட்டான். பிறகு, "அது எனக்கும் புடிச்சுதான் இருந்தது" என்றான்.

அவன் பொய் சொல்லியிருந்தால்கூட அவள் அன்று தாங்கியிருப்பாள். உண்மையைச் சொன்னான். இழுப்பறைகளைப் பார்த்து அவளோடு சிரித்ததும் நிஜம், அவளுக்குத் தெரியாமல் வீட்டை விற்க நின்றதும் நிஜம். இரண்டும் ஒரே சனிக்கிழமையில், ஒரே காரில் வந்திருக்கின்றன. அவள் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஆர்கிட் தொட்டியை பெவ்வின் கையில் கொடுத்து, தன் பிரஷ்ஷை இருந்த இடத்தில் வைத்தாள். பெவ் போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

வீடு இருவர் பேரிலும் இருந்தது. மார்லீன் கையெழுத்துப் போடவில்லை. கத்தவுமில்லை. மறுநாள் காலை மாலன் பைலரின் பட்டறைக்கு போன் செய்து, "நான்தான் பேசறேன், நிஜ மார்லீன்" என்றாள். அறுத்த மரம் அப்படியே மூலையில்தான் நிற்கிறது என்றார் அவர். கோடை முடிவதற்குள் செர்ரி மர அலமாரி வந்தது. வெள்ளை அலமாரியை தேவாலயக் கூடத்துப் பெண்கள் கழிப்பறைக்குக் கொடுத்துவிட்டாள். புது அலமாரியின் முன்னால் முதல் தடவை நிமிர்ந்தபடியே முகம் கழுவியபோது அவள் எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. முதுகு வலிக்கவில்லை, அவ்வளவுதான்.

ரூடி நவம்பரில் தன் அண்ணனிடம் போனான். மார்ச்சில், பனி இன்னும் கரையாதபோதே, பெட்டியோடு வாசலில் நின்றான். "அங்க பேச ஒரு ஆளு இல்ல" என்றான். அவள் கதவைத் திறந்து விட்டாள். வேறென்ன செய்வது, அத்தனை வருஷத்துப் பழக்கம்.

ஈஸ்டருக்கு முன்வரும் நோன்புக் காலத்து வெள்ளிக்கிழமைகளில் தேவாலயக் கூடத்தில் மீன் வறுவல் போடுவார்கள். பெவ் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தால் மார்லீன் எழுந்து வேறு மேசைக்குப் போய்விடுவாள். ரூடியோடு ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறாள், ஒரே கட்டிலில்தான் படுக்கிறாள். அவன் சொல்கிற வேடிக்கைக்குச் சில நாள் சிரிக்கவும் செய்கிறாள். ஆனால் வெளியே மழை பெய்கிறது என்று அவன் சொன்னால், எழுந்து போய் ஜன்னலைத் திறந்து பார்க்கிறாள்.