இழுப்பு

நேற்று புத்தளம் ஆஸ்பத்திரிக்கு மகனுக்கு மருந்து எடுக்கப் போயிருந்தேன். தாதி அவன் வாயில் இன்ஹேலரை வைத்து, "நல்லா இழுங்க மகன்" என்றார். அந்தச் சொல் கேட்டதும் எனக்கு நான் வளர்ந்த பள்ளிவாசல்துறைக் கடற்கரை நினைவுக்கு வந்துவிட்டது.

என் வாப்பாவுக்கு இழுப்பு நோய். கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் கரைவலைக் கயிற்றில் அவரைக் கைவைக்க யாரும் விடமாட்டார்கள். தோணி நிழலில் இருந்து இஞ்சித் தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டிருப்பார்.

எனக்கு அப்போது எட்டு வயது. முழங்கால் அளவுத் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தபோது ஓர் அலையின் இழுப்பு என்னை வாரிக்கொண்டு போனது. கரையில் நின்ற உம்மா, "அல்லாஹ்! இழுப்பு! இழுப்பு!" என்று கத்தினார். வலை இழுத்தவர்கள் எல்லாரும் கயிற்றைப் போட்டுவிட்டு வாப்பாவிடம் ஓடினார்கள். ஒருவர் அவர் நெஞ்சைத் தடவினார், இன்னொருவர் முதுகைப் பிடித்தார்.

தனக்கு ஒன்றுமில்லை என்று வாப்பாவுக்கு மட்டுந்தான் தெரியும்.

"எனக்கில்ல! கடல் இழுக்குது! புள்ளயப் பாருங்க!" என்று அவர்களைத் தள்ளிவிட்டு அவரே தண்ணீரில் பாய்ந்தார்.

என் சட்டையைப் பிடித்த அவர் கைதான் எனக்கு நினைவிருக்கிறது. என்னை மணலில் கிடத்திய பிறகு அவருக்கு உண்மையாகவே இழுப்பு வந்தது. மூன்று நாள் படுக்க முடியாமல் கதிரையில் குனிந்தபடியே இருந்தார். நெஞ்சு விசிலடித்தது. நான் அவர் காலடியை விட்டு நகரவில்லை.

"என்னாலதானே வாப்பா?"

"இல்ல மகள். இது எப்பவும் வாறதுதானே" என்றார்.

அதைச் சொல்லி முடிக்க அவருக்கு நான்கு மூச்சு தேவைப்பட்டது.