செலினா கேட்ட ஒரே கேள்வி

சங்கராபுரத்தில் என் பக்கத்து வீட்டு செலினாவைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. வெள்ளிமலையிலிருந்து புளி ஏற்றிக்கொண்டு இறங்கிய லாரி கவிழ்ந்து அடிபட்டதிலிருந்து அவள் புருஷன் மார்ட்டின் கட்டையாய்க் கிடந்தார். கண் திறந்திருக்கும், பேச்சில்லை, அசைவில்லை. உள்ளே ஒன்றுமில்லை, உயிர் மட்டும்தான் ஓடுகிறது என்று ஊரே சொன்னது. அவருக்குக் காது கேட்கிறது என்று செலினா எல்லோரிடமும் சண்டை போடுவாள். பிறகு என்னிடம் வந்து, ஒருவேளை கேட்கவில்லையோ என்று அழுவாள்.

எண்பத்தேழில் மெட்ராஸிலிருந்து அரங்கநாதன் என்ற ஆராய்ச்சிக்காரர் மூளை அலையைத் தாளில் வரையும் மிஷினோடு மார்ட்டினைப் பார்க்க ஜீப்பில் வந்தார். கையை மடக்குவதாக நினைத்தாலே போதுமாம், அலை சிறுத்துவிடுமாம். அதை வைத்து மனசில் இருப்பதைப் பிரித்தறியப் பார்க்கிறாராம்.

அன்றைக்கென்று இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாகிவிட்டது. ரோட்டில் மரத்தை வெட்டிப் போடப் போகிறார்கள் என்று பேச்சு. ஜீப் டிரைவர் வாசலில் நின்று சாவியை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

தலையில் தகடுகளை ஒட்டப் போன அரங்கநாதன் கையை எடுத்துவிட்டார். தலை முழுக்க எண்ணெய். பசை பிடிக்கவே இல்லை.

"பெரியவங்க வர்றாங்க, பரட்டத் தலையோட எப்டிங்க காட்டறது?" என்றாள் செலினா.

எனக்கு அவளை அறையலாம் போல வந்தது. நான் மட்டும் என்ன, ஆஸ்பத்திரிக்கு எண்ணெய் வைத்துத் தலைவாராமலா கிளம்புகிறேன்? நான் தண்ணீர் தூக்க, அவள் சீயக்காய் தேய்த்து அலசித் துவட்டினாள். டிரைவர் ஹாரன் அடித்தார்.

கடைசியில் மிஷினின் ஊசி தாளில் ஓடியது. வலது கையை மடக்குவதாக நினைக்கச் சொன்னார், அலை சிறுத்தது. சும்மா இருக்கச் சொன்னார், பெருத்தது. மறுபடியும் அப்படியே. "காது கேக்குதுன்னு சொன்னேன்ல?" என்று செலினா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

ஆமாம் என்றால் கையை மடக்குவதாக நினைக்க வேண்டும், இல்லையென்றால் சும்மா இருக்க வேண்டும் என்று மார்ட்டினுக்குச் சொன்னார். ஒரு கேள்விக்குத்தான் நேரம், நீங்களே கேளுங்கள் என்று செலினாவிடம் சொன்னார். என்னைத் தெரிகிறதா என்றுதான் கேட்பாள் என நினைத்தேன்.

"எங்கனா வலிக்குதாங்க?" என்றாள்.

அலை சிறுத்தது. சிறுத்தபடியே ஓடியது.

எங்கே என்று கேட்பதற்குள் டிரைவர் ஒயரைப் பிடுங்கிவிட்டார். பாவி. சாயங்காலமே ரோடு அடைபட்டது. அரங்கநாதன் அப்புறம் வரவேயில்லை.

அன்றிலிருந்து மார்ட்டின் சாகும்வரை, செலினா அவர் உடம்பை ஒவ்வொரு இடமாகத் தொட்டு, "இங்கயா? இங்கயா?" என்று கேட்டபடியே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் பதில் சொல்லியிருப்பார். அதைப் படிக்கிற மிஷின் மெட்ராஸில் இருந்தது.