காளான் பைக்குச் சாம்பிராணி

பேரன் பிறந்ததிலிருந்து ஊத்துக்கோட்டைச் சந்தையில் என் ஆட்டுக்கறிக் கடை மதியத்துக்கு மேல் திறந்திருந்ததில்லை. பேரனைப் பார்க்கக் கும்மிடிப்பூண்டி பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். வாடிக்கையாளர்கள் திட்டினார்கள். திட்டட்டும், அவர்கள் அந்த மூக்கைப் பார்த்ததில்லை. அப்படியே என் மூக்கு.

இதை என் சம்பந்தி மோசஸ் ஒத்துக்கொள்ள மாட்டார்.

"மூக்கு எங்க ஊட்டு மூக்கு சம்பந்தி. ராத்திரியெல்லாம் கத்துது பாருங்க, அது மட்டும் உங்க ஊட்டுது."

மோசஸின் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இந்தப் பக்கம் கம்பெனிகள் வந்ததும் மோசஸ் ஒரு கம்பி மில்லில் சேர்ந்தார். வேலை உலைக்கு முன்னால். வலது கையில் முழங்கை வரைக்கும் தீத்தழும்பு. புகையில் இருமி இருமி, கடைசியில் வேலையை விட்டு வந்தார். வந்த கையோடு டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, சர்க்கரையும் இருக்கிறது, கொழுப்பும் இருக்கிறது, ஆட்டுக்கறியை மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். எலும்பைக்கூட விடாத மனிதர் அவர். கறிக்கடைக்காரன் வீட்டில் சம்பந்தம் பேசியபோது மகளைவிட அவருக்குத்தான் சந்தோஷம் அதிகம் என்று ஊரே சொன்னது.

அப்போதுதான் திருவள்ளூர்ப் பக்கம் காளான் வளர்க்கச் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் வந்தார். அது இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். திரும்பி வந்தவர் வீட்டின் பின்னறையைப் பிடித்துக்கொண்டார். இருட்டான அறை, தரையெல்லாம் ஈர மணல், ஜன்னலில் நனைத்த கோணிச்சாக்கு. வைக்கோலை நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, பிழிந்தால் சொட்டாத பதத்துக்கு உலர்த்துவார். பிளாஸ்டிக் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு அடுக்கு காளான் விதை. பையில் ஓட்டை போட்டுக் கயிற்றில் தொங்கவிட்டால், இரண்டு வாரத்தில் உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளை படரும். அப்புறம் தினமும் தண்ணீர் தெளித்தால் சிப்பி சிப்பியாகக் காளான் வெடித்து வரும். கணக்கு அதுதான்.

"கறி மாரி சத்து சம்பந்தி, ஆனா கொழுப்பு கெடயாது. சர்க்கரக்காரனுக்கு நல்லது. முட்டி வலி, முடி கொட்றது, எல்லாம் போயிடும்."

"சத்துன்னு மட்டும்தான் அங்க சொல்லிக் குடுத்த அம்மா சொல்லிச்சு," என்று பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த என் மருமகள் ஜெபா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "இது மருந்து இல்ல, சாப்பாடுன்னு சொன்னாங்க. முட்டியும் முடியும் நைனா சொந்தமா சேத்துக்கினது."

பொங்கல் கழிந்து பேரனுக்கு ஞானஸ்நானம் என்று முடிவானது. மட்டன் பிரியாணி என் பொறுப்பு என்றேன். பக்கத்திலேயே காளான் பிரியாணியும் இருக்கும் என்றார் மோசஸ்.

"யாரு துன்றது?" என்றாள் அவர் மனைவி ரோசம்மாள்.

மோசஸ் என்னைத் தனியே வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். "எம் பொண்ணு கல்யாணத்துலயே ஓரமா குந்திக்கினு தயிர் சோறு துன்னவன் நானு. பேரன் விருந்துலயும் அப்டியேவா? இந்த வாட்டி பிரியாணி துன்னணும் சம்பந்தி. நாலு பேரோட குந்தி."

எனக்குக் கொஞ்சம் மனசு உருகியது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. கறிக்கடைக்காரனுக்கும் மானம் உண்டு.

முதல் அறுவடை பார்க்க ஆசையாகப் போனேன். சிப்பியைக் காணோம். பையெங்கும் நீள நீளக் காம்பு, நுனியில் சட்டைப் பொத்தான் அளவுக்குத் தலை.

"இன்னா சம்பந்தி, காளான்னு சொல்லி ஆணி வளத்துக்கீறீங்க?"

அவர் சிரிக்கவில்லை. விதை சரியில்லை என்றார். மில் தூசி என்றார். கடைசியில் என்னை மேலும் கீழும் பார்த்து, "கறிக்கடக்காரன் கண்ணு" என்றார்.

சாயங்காலம் பேரனைக் குளிப்பாட்டினார்கள். மோசஸ் தணலில் சாம்பிராணி தூவி, குழந்தைக்குப் பக்குவமாகப் புகை காட்டினார். பேரன் என் மூக்கால் ஒரு தும்மல் போட்டான். நான் அதை ரசித்துக்கொண்டிருக்கும்போதே, மோசஸ் புகையும் சட்டியோடு பின்னறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பையையும் சுற்றிச் சுற்றிப் புகை காட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா பண்றீங்க?"

"கண்ணு படக்கூடாதுன்னு. மிச்சப் பொகைய இன்னாத்துக்கு வீணாக்கணும்? அதுவும் புள்ள, இதுவும் புள்ள."

"எத்தினி நாளா?"

"பேரன் பொறந்ததுலேர்ந்து. ஒரு நாள் தப்பல."

எனக்குப் பின்னால் வந்த ரோசம்மாளுக்கு இருமல் வெடித்தது. கோணிச்சாக்கைப் பிய்த்து ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

"யோவ்! உலப் பொகையில நீ லொக்கு லொக்குன்னு கெடந்தியே, மறந்துட்ச்சா? உனுக்கே முட்டுச்சுன்னா இதுக்கு முட்டாது? அதான் காத்தத் தேடிக் கழுத்த நீட்டிக்கினு கீது!"

மோசஸ் சட்டியைக் கீழே வைத்தார். வைத்தவர், காற்றோட்டம் வேண்டும், புகை ஆகாது என்று பயிற்சியில் சொன்னதாக மெதுவாக முணுமுணுத்தார்.

"அத அப்பவே சொல்றதுக்கு இன்னா?" என்றாள் ரோசம்மாள்.

"பேரன் பொறந்தான்ல, மறந்துட்டேன்."

நானும் கடையை அப்படித்தானே மறந்திருந்தேன்.

அன்றிலிருந்து சாம்பிராணி தெருவாசலில்தான். ஆணிகளைப் பறித்து எறிந்துவிட்டு அதே பைகளுக்குத் தண்ணீர் தெளித்து, காற்று விட்டுக் காத்திருந்தார். ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் அவரிடமிருந்து போன். எடுத்ததிலிருந்து சிரித்துக்கொண்டே இருந்தார். போய்ப் பார்த்தால் பைகளெல்லாம் வெள்ளை வெளேரென்று உள்ளங்கை அகலச் சிப்பிகள்.

விருந்தன்று என் மட்டன் அண்டாவுக்குப் பக்கத்தில் அவருடைய சின்னக் குண்டான். மோசஸ் வாசலிலேயே நின்று வருகிறவர் ஒவ்வொருவரையும், "மொதல்ல காளான், அப்பால மட்டன்," என்று பிடித்துத் தள்ளினார். முதலில் மரியாதைக்கு வாங்கினார்கள். அப்புறம் இரண்டாம் தடவை வந்தார்கள். பாதிரியார் மூன்றாம் தடவை வந்ததை நானே பார்த்தேன்.

கடைசிப் பந்தியில் மோசஸ் தட்டோடு வந்து, குண்டானுக்குள் கரண்டியை விட்டார். அடியில் ஒரு கிராம்பும் ஒரு பட்டையும்தான் இருந்தன.

ரோசம்மாள் தயிர் சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள். "இன்னா, மறுபடியும் இதானா?" என்றாள்.

மோசஸ் ஓரத்துக்குப் போகவில்லை. பந்தி நடுவில், எனக்கும் பாதிரியாருக்கும் இடையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அது கறி துன்ன முடியாதவன் தயிர் சோறுடி. இது ஊரே துன்னு காளான் தீந்து போனவன் தயிர் சோறு. ஊறுகா போடு."

நான் என் தட்டிலிருந்த மட்டன் பிரியாணியை ஓரம் தள்ளிவிட்டு ரோசம்மாளைக் கூப்பிட்டேன். "எனக்கும் கொஞ்சம் தயிர் சோறு போடும்மா."